சுகாதாரத் துறைக்கு அங்கீகாரம் இருந்தால் நோய்ப்பரவலின்போது உண்மையில் என்ன மாறுகிறது?

பொருநை:
அனைவருக்கும் வணக்கம். சமூக மருத்துவப் பட்டமேற்படிப்புக் கருத்தரங்குக்கு அமெரிக்க சுகாதாரத் துறைகளின் அங்கீகாரத்தை (தரநிலைகளை எட்டியதற்கான சான்றை) தலைப்பாக எடுத்திருக்கிறேன். அதை வழங்கும் பப்ளிக் ஹெல்த் அக்ரிடிட்டேஷன் போர்டு (பிஎச்ஏபி) 2007-ல் உருவானது, 2011 செப்டம்பரில் திட்டம் தொடங்கியது, 2013 பிப்ரவரியில் முதல் 11 துறைகள் தேர்வாயின என்பது வரை படித்துவிட்டேன். மாநிலம், கவுண்டி (நம் மாவட்டம் போன்றது), நகரம், பழங்குடி அமைப்பு என எந்த நிலைத் துறையும் விண்ணப்பிக்கலாம், பெரும்பாலும் விருப்பத்தின் பேரில்தான் என்பதும் தெரியும்.

எனக்குப் பிடிபடாதது இதுதான். ஒரு கவுண்டியில் தட்டம்மை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கீகாரம் உள்ள துறை அந்த நாளில் வேறு என்ன செய்யும்? திட்டக் கோப்புகள் எல்லாரிடமும்தான் இருக்கின்றன. இது நோயைக் கட்டுப்படுத்த உதவியது என்பதற்குச் சான்று உண்டா? நம் ஊர் மருத்துவமனைகளுக்குத் தரும் என்கியூஏஎஸ் (தேசியத் தர உறுதித் தரநிலைகள்) சான்றிதழோடு ஒப்பிடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

களத்தொற்றியல்:
வணக்கம். நீங்கள் தட்டம்மையை எடுத்தது நல்லதாகப் போயிற்று. அதில் கடிகாரம் கண்ணுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மாலை 3.30-க்கு ஒரு குழந்தை தடிப்போடு மருத்துவரிடம் வருகிறது, 4.30-க்குப் போய்விடுகிறது. தட்டம்மை வைரஸ் காற்றில் 2 மணி நேரம் வரை தங்கும். ஆகவே 3.30-லிருந்து 6.30 வரை அந்தக் காத்திருப்பு அறைக்குள் வந்த ஒவ்வொருவரும் பட்டியலில் வரவேண்டும். குழந்தை போன பிறகு வந்தவர்களும்தான். நோய் எதிர்ப்பு இல்லாதவருக்கு எம்எம்ஆர் தடுப்பூசி போட்டுப் பலன் பெற முதல் தொடர்பிலிருந்து 72 மணி நேரம்தான் உண்டு. அதாவது திங்கட்கிழமை மாலை 3.30 வரை. அது தவறினால் இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்பொருள் மருந்து), அதற்கு 6 நாள், வியாழக்கிழமை மாலை வரை.

இனி இரண்டு துறைகளைப் பாருங்கள். ஒன்றில் மருத்துவர் ஆய்வக முடிவுக்குக் காத்திருந்து திங்கள் நண்பகலில் சொல்கிறார். தடுப்பூசிக்கு மிஞ்சுவது மூன்றரை மணி நேரம். பட்டியலே தயாராகாது. இன்னொன்றில் "சந்தேகம் வந்தாலே உடனே கூப்பிடுங்கள், முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம்" என்று எல்லா மருத்துவமனைகளுக்கும் முன்பே சொல்லி, அந்த எண்ணை வெள்ளி இரவு ஏழு மணிக்கும் எடுக்கிறார்கள். சனி காலையில் தடுப்பூசி முகாம் நடத்திவிடலாம். நோயும் ஒன்று, தடுப்பூசியும் ஒன்று, சட்டமும் ஒன்று. மாறுவது அந்தத் தொலைபேசி மட்டும்.

அங்கீகாரம் கை வைப்பது இந்த இடத்தில்தான். பிஎச்ஏபி தரநிலைகளில் இரண்டாவது பிரிவு முழுக்க நோய் விசாரணையும் அவசரகாலப் பணியும். 2014-ல் வந்த 1.5 பதிப்பில் அதை நான்காகப் பிரித்திருந்தார்கள்: விசாரணை, பரவலைக் கட்டுப்படுத்தல், ஆய்வகமும் தொற்றியல் ஆட்களும் 24 மணி நேரமும் கிடைத்தல், தகவல் தொடர்பு. 2022 பதிப்பில் அமைப்பு மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். அவசரகால எண் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு விடுவதில்லை. அது வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டச் சொல்வார்கள். தட்டம்மைக்கு நெறிமுறை இருக்கிறதா என்பதோடு நிற்காமல், நிஜமாக நடந்த ஒரு விசாரணையின் பதிவைக் கேட்பார்கள். வரைவு நிலையில் உள்ள ஆவணத்தை ஏற்க மாட்டார்கள். தேதி வேண்டும், துறையுடையதுதான் என்ற அடையாளம் வேண்டும், பயன்பாட்டில் இருக்க வேண்டும். பார்க்க வருபவர்களும் வேறு துறைகளில் இதே வேலை செய்பவர்கள். எதைப் புரட்டினால் எது வெளியே வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

தட்டம்மைத் திட்டத்தில் அடிக்கடி விடுபடுவது இம்யூனோகுளோபுலின் விவரம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் தடுப்பூசி கிடையாது. எடையில் கிலோவுக்கு 0.5 மி.லி. தசையில் போட வேண்டும், உச்சம் 15 மி.லி. அப்படியானால் 5 கிலோ குழந்தைக்கு 2.5 மி.லி. எதிர்ப்பாற்றல் இல்லாத கர்ப்பிணிக்கும், எதிர்ப்பாற்றல் கடுமையாகக் குன்றியவருக்கும் ரத்தக்குழாய் வழியே கிலோவுக்கு 400 மி.கி. இதெல்லாம் பாடநூலில் இருக்கும். திட்டத்தில் இருக்க வேண்டியது வேறு: அந்த மருந்து எந்த மருத்துவமனைக் குளிர்பெட்டியில் இருக்கிறது, சனிக்கிழமை அதைத் திறக்க யாரிடம் சாவி, ஊசி போடும் செவிலியருக்குக் கையெழுத்தான நிலையான மருத்துவ உத்தரவு உண்டா? இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் 6 நாள் ஓடிப்போகும்.

ஆய்வகமேசை:
மேலே சொன்னதோடு, நோயாளியிடம் எடுக்கும் மாதிரி (சாம்பிள்) விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விசாரணை முடங்குவது பெரும்பாலும் இங்கேதான்.

தட்டம்மைக்குத் தொண்டை அல்லது மூக்குத்தொண்டை ஸ்வாப், கூடவே ரத்தம், இரண்டும் எடுக்க வேண்டும். தடிப்பு வந்த முதல் 72 மணி நேரத்தில் ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் பரிசோதனை நெகட்டிவ் காட்டலாம். வெறும் ரத்தத்தை மட்டும் அனுப்பி நெகட்டிவ் என்று வந்ததும் கோப்பை மூடிவிட்ட துறை அடுத்த வாரம் இரண்டாம் தலைமுறை நோயாளிகளை (முதல் நோயாளியிடமிருந்து தொற்றியவர்களை) பார்க்கும். ஸ்வாபில் ஆர்டி-பிசிஆர் பார்க்க முதல் 3 நாள் சிறந்தது, 10 நாள் வரை எடுக்கலாம். வைரல் டிரான்ஸ்போர்ட் மீடியத்தில் (வைரஸைக் கெடாமல் வைக்கும் திரவத்தில்) போட்டு 4 டிகிரியில் வைத்து ஐஸ் பேக்கோடு அனுப்ப வேண்டும். அனுப்பத் தாமதமாகும் என்றால் மைனஸ் 70.

இனி அங்கீகாரம். "மாநில ஆய்வகத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது" என்பதை மட்டும் காட்டினால் போதாது. எந்த நேரமும் ஆய்வக வசதி கிடைக்கும் என்று நிறுவ வேண்டும். அதை எழுத உட்காரும்போதுதான் ஓட்டைகள் தெரியும். கூரியர் வண்டி வெள்ளி மதியத்தோடு நின்றுவிடும். வார இறுதியில் ஆய்வகப் பணியாளரை வரவழைக்கும் எண் மூன்று வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றவருடையது. மாதிரி அனுப்புவதற்கான பேக்கிங் பயிற்சி ஒரே ஒருவருக்கு இருக்கும், அவர் விடுப்பில் போனால் யாரும் இல்லை. வழக்கமான நோய் மாதிரி யுஎன்3373 என்ற பி வகைப் பொதி. எபோலா போன்ற சந்தேகம் என்றால் யுஎன்2814, ஏ வகை, விதிகள் வேறு. இந்த வித்தியாசத்தை அவசரத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்க முடியாது.

எபோலா காலத்தை எண்ணிப் பாருங்கள். 2014 அக்டோபர் கடைசியிலிருந்து, லைபீரியா, சியரா லியோன், கினியா நாடுகளிலிருந்து வந்த பயணிகளை ஐந்து விமான நிலையங்கள் வழியாக மட்டும் அனுமதித்து, ஒவ்வொருவரையும் 21 நாள் கண்காணிக்கும் பொறுப்பை மாநில, உள்ளூர் சுகாதாரத் துறைகளிடம் கொடுத்தார்கள். தினம் இரண்டு முறை காய்ச்சல் பார்க்க வேண்டும். ஞாயிறு இரவு ஒருவருக்கு 101 டிகிரி என்றால் எந்த மருத்துவமனை, எந்த வண்டி, மாதிரி எங்கே போகும் என்பதற்கு அந்த நிமிடமே பதில் வேண்டும். ஆபத்தான கிருமிகளைச் சோதிக்கும் ஆய்வகப் பிணையம் 1999 முதல் இருக்கிறது. அதோடு பேசும் ஆளும் வழியும் உள்ளூரில் தயாராக இல்லாவிட்டால் பிணையம் இருந்தும் பயனில்லை.

அளவுகோல்:
என் பார்வையில் அங்கீகாரத்தின் உண்மையான பலன், ஒரு பரவல் முடிந்த பிறகு நடப்பதில்தான் இருக்கிறது. ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிப்போர்ட் என்கிற பின்னாய்வு அறிக்கை 1.5 பதிப்பில் தனி அளவுகோலாகவே (2.2.3) இருந்தது. எல்லா நிகழ்வுக்கும் எழுத வேண்டியதில்லை. எந்த அளவுள்ள நிகழ்வுக்கு எழுதுவது என்று துறையே முன்கூட்டித் தீர்மானித்து வைத்திருக்க வேண்டும்.

அறிக்கை எப்படிக் கெட்டுப்போகும் என்று காட்டுகிறேன். பெரும்பாலும் இப்படி எழுதுவார்கள்:

"கூட்டாளி அமைப்புகளுடனான தகவல் தொடர்பு மேம்பட வேண்டும்."

இதை யாரும் செய்ய முடியாது, செய்யவில்லை என்று யாரையும் கேட்கவும் முடியாது. இப்படி இருக்க வேண்டும்:

"பள்ளிச் செவிலியர் பட்டியலில் 40 எண்களில் 11 தவறு. எச்சரிக்கை அந்தப் பள்ளிகளுக்கு இரண்டு நாள் கழித்தே போனது. காரணம்: பட்டியலைப் புதுப்பிப்பது யார் வேலை என்று எங்கும் இல்லை. இனி ஆகஸ்ட், ஜனவரி முதல் வாரங்களில் தொற்றுநோய்ப் பிரிவு எழுத்தர் புதுப்பிப்பார். முதல் சரிபார்ப்பு ஆகஸ்ட் 7, கண்காணிப்பவர் பிரிவு மேலாளர்."

(எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை.) என்ன நடந்தது, ஏன் நடந்தது, யார், எப்போது. இந்த நான்கும் இருந்தால்தான் அடுத்த பரவலில் அதே பிழை வராது. மதிப்பீட்டாளர்களும் அறிக்கையை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை, அதன் பிறகு அவசரகாலத் திட்டம் திருத்தப்பட்டதா என்று தேடுவார்கள். அங்கீகாரம் ஐந்தாண்டுக்கு. நடுவில் ஆண்டுதோறும் அறிக்கை, பிறகு மறு அங்கீகாரம். அதனால் பழைய வாக்குறுதி கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

நிகழ்வு முடிந்ததும் அன்றே அல்லது மறுநாள் களத்தில் இருந்தவர்களை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேச வைப்பது அவசியம். ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டால் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது என்பார்கள். மனித நினைவு அப்படித்தான். பரவல் நடக்கும்போதே ஒருவர் நேரம் போட்டு முடிவுகளைக் குறித்துக்கொண்டே வருவதும் வேண்டும். இன்சிடென்ட் கமாண்ட் என்கிற அவசரகால நிர்வாக முறையில் ஐசிஎஸ் 214 என்ற படிவமே அதற்குத்தான்.

தர மேம்பாடு ஒன்பதாவது பிரிவில் தனியாக வருகிறது (1.5 பதிப்பில்). அதை நோய் விசாரணையில் இணைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். உணவு வழியே பரவும் சால்மொனெல்லா பாக்டீரியாவை எடுங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் நான்கு தேதிகள் குறித்தால் போதும்: அறிகுறி தொடங்கியது, மாதிரி எடுத்தது, துறைக்குத் தகவல் வந்தது, நோயாளியிடம் பேசியது. முதல் மூன்றில் துறைக்குப் பெரிய பிடி இல்லை. மூன்றுக்கும் நான்குக்கும் இடையிலுள்ள நாள்கள் முழுக்க நம் கையில். அங்கே நான்கு நாள் போகிறதென்றால் ஏன் என்று பாருங்கள். முடிவு ஃபேக்ஸில் வந்து தட்டில் கிடந்ததா, ஒரே செவிலியர்தான் அழைக்கிறாரா, பகலில் மட்டும் அழைப்பதால் வேலைக்குப் போகிறவர்கள் எடுப்பதில்லையா? மாலை ஆறு முதல் எட்டு வரை அழைக்கும் முறையை ஒரு மாதம் சோதித்து, மறுபடி அளந்து, நன்றாக இருந்தால் நிரந்தரமாக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முன் என்ன சாப்பிட்டீர்கள் என்றால் யாருக்கும் நினைவிருக்காது. நாள் குறையக் குறைய உணவுப் பட்டியல் தெளிவாகும், மூலப்பொருளைக் கண்டுபிடிக்கவும் முடியும்.

தொலைபேசி ஒத்திகை பற்றியும் ஒரு வார்த்தை. அலுவலகத்துக்கு வெளியிலிருந்து ஒருவர், சொல்லாமல் கொள்ளாமல், சனி இரவு எட்டு மணிக்கு அவசர எண்ணைக் கூப்பிட்டு ஒரு போலித் தகவல் கொடுக்க வேண்டும். எடுத்த நேரம், தொற்றியலாளர் திரும்பக் கூப்பிட்ட நேரம், இரண்டையும் குறிக்க வேண்டும். அடிக்கடி தெரியவரும் கோளாறு: பதிலளிக்கும் நிறுவனத்திடம் உள்ள பணிமுறைப் பட்டியல் போன மாதத்தது.

பொருநை:
மூவருக்கும் நன்றி. நான்கு தேதிக் கணக்கு கருத்தரங்கில் அப்படியே போகிறது. சான்று பற்றிய கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

எதிர்நீச்சல்:
அதற்கு நான் சொல்கிறேன். கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.

வெளிவந்த ஆய்வுகளில் பெரும்பகுதி அங்கீகாரம் பெற்ற துறைகளிடம் "உங்களுக்கு என்ன பயன்?" என்று கேட்டு எழுதியவை. தரப்பண்பாடு வளர்ந்தது, பொறுப்பு தெளிவானது, கூட்டாளிகளோடு உறவு கூடியது என்று அவர்கள் சொல்கிறார்கள். நம்பத் தகுந்ததுதான், ஆனால் பரவலின் அளவு குறைந்தது என்பதற்கு அது சான்றாகாது. ஆள்பலமும் பணமும் உள்ள துறைகள்தான் முதலில் விண்ணப்பிக்கின்றன. அவை நன்றாகச் செயல்பட்டால் காரணம் அங்கீகாரமா, பணமா? பிரிப்பது கடினம். கருத்தரங்கில் "அங்கீகாரம் பரவலைக் குறைக்கிறது" என்று எழுதாதீர்கள். "செயல்முறைகளைச் சீராக்குகிறது, அதன் வழியாக உதவக்கூடும்" என்பது வரைக்கும்தான் போகலாம்.

ஓஹையோவைப் பாருங்கள். மாநில நிதி வேண்டுமென்றால் உள்ளூர் துறைகள் அங்கீகாரம் பெற வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்த மாநிலம். அங்கே கொலம்பஸ் நகரத்தை ஒட்டி 2022 நவம்பரில் தட்டம்மை கண்டறியப்பட்டு மொத்தம் 85 குழந்தைகளுக்கு வந்தது. கிட்டத்தட்ட எல்லாரும் தடுப்பூசி முழுமையாகப் போடாதவர்கள். தடுப்பூசிக் கவரேஜ் எத்தனை சதவீதம் என்பதை எந்தச் சான்றிதழும் தீர்மானிக்காது. பல ஆண்டுகளாகச் சமூகத்தின் நம்பிக்கையை எப்படிப் பெற்றோம் என்பதில் இருக்கிறது அது. துறை செய்யக்கூடியது, வந்த பிறகு ஒவ்வொரு சங்கிலியையும் விடாமல் தேடுவது. கடைசி நோயாளிக்குப் பிறகு 42 நாள், அதாவது 21 நாள் அடைகாக்கும் காலம் இரண்டு, புதிதாக யாருக்கும் வராவிட்டால்தான் முடிந்தது என்று அறிவிக்கலாம். கொலம்பஸில் 2023 பிப்ரவரியில் அப்படி அறிவித்தார்கள். அத்தனை வாரம் களைப்பில்லாமல் எண்ணிக்கொண்டிருக்க ஆள் வேண்டும்.

அங்கீகாரம் தராத இன்னொன்று சட்ட அதிகாரம். 2020-க்குப் பிறகு பல மாநிலங்களில் சுகாதார அதிகாரிகளின் உத்தரவு அதிகாரத்தைக் குறைத்துச் சட்டம் வந்தது. நெறிமுறை எவ்வளவு நன்றாக இருந்தாலும், பள்ளியிலிருந்து ஒரு குழந்தையை 21 நாள் விலக்கிவைக்க (இம்யூனோகுளோபுலின் போட்டிருந்தால் 28 நாள்) சட்டம் துணை நிற்க வேண்டும். தகவல் கட்டமைப்பும் அப்படியே. 2020-ல் கோவிட் முடிவுகள் ஃபேக்ஸில் வந்து குவிந்தபோது பெரிய கவுண்டித் துறைகளே திணறின.

சிறிய துறைகளின் நிலையையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். நாலைந்து பேர் வேலை செய்யும் கவுண்டியில், ஆவணம் திரட்டுபவரும் தட்டம்மைத் தொடர்புகளைத் தேடுபவரும் ஒரே செவிலியராக இருப்பார். கட்டணம் மக்கள்தொகைக்கு ஏற்ப மாறினாலும் ஆளின் நேரம் மாறாது. இதற்காகவே பிஎச்ஏபி 2022-ல் பாத்வேஸ் ரெகக்னிஷன் என்ற, அடித்தளத் திறன்களை மட்டும் பார்க்கும் எளிய படியைக் கொண்டுவந்தது. பக்கத்துக் கவுண்டிகள் சேர்ந்து ஒரு தொற்றியலாளரைப் பகிர்ந்துகொள்வது இதைவிடப் பலன் தரும் என்பது என் கருத்து. அதற்கும் செலவை யார் ஏற்பது, யார் யாருக்குக் கட்டளையிடுவது என்று கையெழுத்தான ஒப்பந்தம் வேண்டும். பரவல் நடுவே அதை எழுத முடியாது.

தாமிரக்கோடு:
என்கியூஏஎஸ் ஒப்பீடு பற்றி. அது தனித்தனி நிலையத்துக்கான சான்று. ஆரம்ப சுகாதார நிலையமோ மாவட்ட மருத்துவமனையோ சேவை, தொற்றுக்கட்டுப்பாடு, நோயாளி உரிமை போன்றவற்றில் மதிப்பெண் பெற வேண்டும். பிஎச்ஏபி பார்ப்பது நிலையத்தை அல்ல, நிர்வாக அமைப்பையே. அந்த மாவட்டத்தில் நோய் வந்தால் யார் அறிவார், யார் கிளம்புவார் என்பதை. நம் பக்கம் அந்த வேலையைச் செய்வது 2004-ல் வந்த ஐடிஎஸ்பி-யும் (ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம்) அதன் மாவட்டக் கண்காணிப்புப் பிரிவும், இப்போது ஐஎச்ஐபி (ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளம்) இணையத்தளமும். கிராம செவிலியரின் எஸ் படிவம், மருத்துவரின் பி படிவம், ஆய்வகத்தின் எல் படிவம் என்று தகவல் வரும் வழி நமக்குத் தெளிவாகவே இருக்கிறது. ஆகவே ஒப்பிட வேண்டுமென்றால் என்கியூஏஎஸ்-ஐ விட்டுவிட்டு, மாவட்டக் கண்காணிப்புப் பிரிவை எடுத்து மேலே அளவுகோல் சொன்ன நான்கு தேதிகளைப் போட்டுப் பாருங்கள். கருத்தரங்குக்கு அது நல்ல முடிவுப் பகுதியாகும்.

பொருநை:
அருமையான யோசனை, செய்கிறேன். கடைசியாக ஒன்று. விசாரணைப் பதிவையே ஆதாரமாகக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்றால் நோயாளி விவரம் வெளியே போகாதா?

களத்தொற்றியல்:
போகக் கூடாது. பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாவற்றையும் மறைத்துத்தான் பதிவேற்ற வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. பிடிஎஃப்-இல் கறுப்புப் பெட்டியை மேலே வரைந்துவிட்டால் அடியில் உள்ள எழுத்து அப்படியே இருக்கும், நகலெடுத்து ஒட்டினால் வெளிவந்துவிடும். எழுத்தை நீக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள், அல்லது அச்சிட்டு மறைத்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். சின்ன ஊரில் வயதும் பள்ளிப் பெயரும் சேர்ந்தாலே குழந்தை யாரென்று தெரிந்துவிடும், அதனால் அவற்றையும் எடுத்துவிடுங்கள். தகவல் வந்த நேரம், பேசிய நேரம், மாதிரி அனுப்பிய நேரம் மட்டும் கண்டிப்பாக இருக்கட்டும். மதிப்பீட்டாளர் தேடுவது அதைத்தான்.